காணாமல் போன கணவனும் நான்கு வருடக் கணக்கும்

ஒரு பெண்ணின் கணவன் பிழைக்கப் போன இடத்தில் காணாமல் போய்விடுகிறான். கடிதம் இல்லை, பணம் இல்லை, செத்துவிட்டான் என்று சேதி சொல்லவும் ஆள் இல்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சபர் போனவர்களை வழியனுப்பிப் பழகிய நம் கடற்கரை ஊர்களுக்கு இந்தக் கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவள் இன்னொரு நிக்காஹ் செய்துகொள்ளலாமா? செய்யலாம் என்றால் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?

குர்ஆனில் இதற்கென்று ஒரு வசனம் கிடையாது. நபிமொழி என்று சொல்லப்படுவது ஒன்று உண்டு, ஆனால் அது பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்களே ஒதுக்கிவிட்டார்கள். ஆக, கேள்வி இருக்கிறது, மூலநூலில் பதில் இல்லை. கேள்வி கேட்டவளோ வாசலில் நிற்கிறாள், "தெரியாது, போய் வா" என்று அனுப்ப முடியாது. இந்த இடத்தில் ஒரு அறிஞர் தன்னிடம் உள்ள எல்லா அறிவையும் கொட்டி, முடிந்த மட்டும் முயன்று ஒரு பதிலுக்கு வருகிறாரே, அதற்குப் பெயர்தான் இஜ்திஹாத். ஜிஹாத் என்ற சொல் பிறந்த அதே வேரிலிருந்து வந்த சொல். பாடுபடுதல், முழுமூச்சாக முயலுதல் என்று பொருள். மனதுக்குப் பட்டதைச் சொல்லிவிட்டுப் போவது இஜ்திஹாத் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த அர்த்தத்தில்தான் கையாள்கிறார்கள்.

இதற்கு எல்லோரும் முதலில் காட்டுவது நபித்தோழர் முஆத் இப்னு ஜபல் சம்பவம். யமனுக்கு அவரை அனுப்பும்போது, எதை வைத்துத் தீர்ப்பளிப்பாய் என்று நபிகள் கேட்கிறார். இறைவேதத்தை வைத்து. அதில் இல்லையென்றால்? நபிவழியை வைத்து. அதிலும் இல்லையென்றால்? என் அறிவைக் கொண்டு முயல்வேன், குறை வைக்க மாட்டேன். நபிகள் மகிழ்ந்து அவர் நெஞ்சில் தட்டிக்கொடுத்தார் என்று செய்தி. அழகான செய்தி, அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. ஆனால் இதன் அறிவிப்பாளர் தொடர் அறுபட்டது என்று திர்மிதியே குறிப்பு எழுதியிருக்கிறார். மேடையில் இந்தக் குறிப்பை யாரும் படித்துக் காட்டுவதில்லை.

எனக்கு இதைவிட வலுவாகத் தெரிவது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இன்னொன்று: தீர்ப்பளிப்பவர் முயன்று சரியான முடிவுக்கு வந்தால் அவருக்கு இரண்டு கூலி, முயன்று தவறினால் ஒரு கூலி. தவறினாலும் கூலி உண்டு என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தவறுவேன் என்று பயந்து வாயை மூடிக்கொள்பவருக்கு இதில் இடமே இல்லை. மதீனாவின் யூதக் குலமான பனூ குறைளா சம்பவமும் அப்படித்தான். அங்கே போய்ச் சேரும்வரை யாரும் அஸர் (பிற்பகல் தொழுகை) தொழ வேண்டாம் என்று நபிகள் சொல்லி அனுப்புகிறார், வழியிலேயே நேரம் முடிந்துவிடும்போல் ஆகிறது. சிலர், சீக்கிரம் போகச் சொன்னதுதான் அதன் பொருள் என்று வழியில் தொழுதுவிடுகிறார்கள். சிலர், சொன்னது சொன்னதுதான் என்று போய்ச் சேர்ந்த பிறகே தொழுகிறார்கள். விஷயம் காதுக்கு வந்தபோது நபிகள் இரு தரப்பையும் கண்டிக்கவில்லை.

சரி, காணாமல் போன கணவனுக்கு வருவோம். இரண்டாம் கலீஃபா உமர் முன்னால் இந்த வழக்கு வந்தது. நான்கு வருடம் காத்திரு, அப்புறம் கணவனை இழந்தவளுக்குரிய காத்திருப்புக் காலமான இத்தா நான்கு மாதம் பத்து நாள் இரு, அதன் பிறகு விரும்பினால் மணந்துகொள் என்று தீர்ப்புச் சொன்னார். பின்னால் நான்காம் கலீஃபாவான அலீயோ, இவள் சோதனைக்கு ஆளான பெண், மரணச் செய்தியோ தலாக் செய்தியோ உறுதியாக வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றார். இருவருமே நபிகளிடம் நேரில் கற்றவர்கள், ஒரே குர்ஆனை ஓதியவர்கள். ஒருவர் அந்தப் பெண் படும் துன்பத்தை எடையில் வைத்தார். மற்றவர் உறுதியாக இருந்த ஒன்று, அதாவது அந்தத் திருமணம், வெறும் சந்தேகத்தால் முறியாது என்ற விதியை வைத்தார். இரண்டுமே கண்ணியமான தர்க்கங்கள்தான்.

அப்புறம் வந்த இமாம்கள் இந்த இரண்டு கிளைகளில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். மதீனாவின் மாலிக் (மறைவு 795) உமரின் நான்கு வருடத்தை எடுத்தார். கூஃபாவின் அபூஹனீஃபா (மறைவு 767) அலீயின் பக்கம். காணாமல் போனவன் வயதையொத்தவர்கள் எல்லாம் இறந்து முடியும்வரை அவன் உயிரோடு இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று அபூஹனீஃபாவின் வழிவந்த ஹனஃபிகள் சொன்னார்கள், பிற்காலத்தில் அதை அவனுக்குத் தொண்ணூறு வயது ஆகும்வரை என்று எண்ணால் வரையறுத்தார்கள். முப்பது வயதுக்காரன் தொலைந்தால் மனைவி அறுபது வருடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அஹ்மத் இப்னு ஹன்பலின் வழிவந்த ஹன்பலிகள் நடுவில் ஒரு கோடு போட்டார்கள்: கப்பல் உடைந்தது, போர்க்களத்தில் நின்றான் என்று சாவு அதிகம் சாத்தியமான சூழலில் தொலைந்தவனுக்கு நான்கு வருடம், வியாபாரத்துக்கோ பயணத்துக்கோ கிளம்பி மறைந்தவனுக்குத் தொண்ணூறு வயதுக் கணக்கு.

இமாம் ஷாஃபியின் கதைதான் இதில் சுவையானது. காஸாவில் பிறந்து, மக்காவில் வளர்ந்து, மதீனாவில் மாலிக்கிடம் படித்து, பக்தாதில் பேர் வாங்கி, 814 வாக்கில் எகிப்துக்குப் போய் 820-ல் அங்கேயே காலமானவர். பக்தாதில் அவர் சொன்னது நான்கு வருடம். எகிப்துக்குப் போன பிறகு கருத்தை மாற்றிக்கொண்டு, மரணமோ தலாக்கோ உறுதியாகத் தெரியும்வரை அவள் மறுமணம் செய்ய முடியாது என்றார். அவர் மத்ஹபில், அதாவது அவர் வழிவந்த சட்டப் பள்ளியில், பழைய சொல் கதீம், புதிய சொல் ஜதீத். இப்படி மாறிய மஸாயில்கள், அதாவது சட்டக் கேள்விகள், ஏராளம். பின்வந்த ஷாஃபி அறிஞர்கள் இரண்டையும் பதிவு செய்துவிட்டு, பொதுவாகப் புதியதை வைத்தே ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார்கள். ஆக, பின்பற்று பின்பற்று என்று நாம் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த மனிதர், தன் கருத்தையே ஒருமுறை மூட்டைகட்டி வைத்துவிட்டு மறுபடி யோசித்தவர்.

இஜ்திஹாத் செய்பவர் முஜ்தஹித். அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கஸ்ஸாலி (மறைவு 1111) முதலானோர் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அரபு மொழி நுணுக்கம், சட்டம் சொல்லும் வசனங்கள் சுமார் ஐந்நூறு, சட்டத்துக்குரிய ஹதீஸ்கள், எது எதை மாற்றியது, எதில் அறிஞர்கள் ஏற்கனவே ஒருமித்துவிட்டார்கள், உசூல் எனப்படும் ஆய்வுமுறை. பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் கஸ்ஸாலி அங்கேயே ஒரு சன்னலையும் திறந்து வைக்கிறார்: எல்லாவற்றிலும் முஜ்தஹிதாக இருக்க வேண்டியதில்லை, வாரிசுரிமையில் ஆழமாகக் கற்றவர் அதில் மட்டும் இஜ்திஹாத் செய்யலாம், ஐந்நூறு வசனங்களையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டாம், எங்கே இருக்கிறது என்று தேடி எடுக்கத் தெரிந்தால் போதும் என்கிறார்.

இந்தத் தகுதி இல்லாதவர் தகுதியுள்ளவர் சொல்வதை ஏற்பது தக்லீத். இதைக் கெட்ட வார்த்தையாக ஆக்கிவிட்டோம், ஆனால் நடைமுறையில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஒரு ஊர் காஜி (மார்க்க நீதிபதி) இன்றைக்கு நான்கு வருடம் என்றும் அடுத்த மாதம் தொண்ணூறு வயது என்றும் தீர்ப்புச் சொன்னால் சட்டம் என்ற ஒன்றே இருக்காது. எந்த மத்ஹபின் எந்தக் கருத்து வலுவானது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது வழக்காடுபவருக்கும் பாதுகாப்பு, சுல்தானின் விருப்பத்துக்குத் தீர்ப்பு வளையாமல் இருக்கவும் ஓரளவு அரண். நம் பக்கத்துக்குப் பழகிய விஷயம்தானே இது: காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி, உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி. சுப்ஹில் (அதிகாலைத் தொழுகையில்) ஒரு பள்ளியில் குனூத் என்ற பிரார்த்தனை ஓதுவார்கள், இன்னொரு பள்ளியில் ஓத மாட்டார்கள். அஸர் பாங்கு ஷாஃபி பள்ளியில் முந்திக் கேட்கும், ஹனஃபி பள்ளியில் கழித்துத்தான் வரும், ஏனென்றால் ஒன்றில் நிழல் பொருளின் அளவை எட்டினால் போதும், மற்றதில் இரு மடங்கு ஆக வேண்டும். யாரும் இதற்காக யாரையும் மார்க்கத்தைவிட்டு வெளியேற்றவில்லை.

இங்கே அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தைத் தொட்டாக வேண்டும்: "இஜ்திஹாதின் கதவு மூடப்பட்டுவிட்டது." பத்தாம் நூற்றாண்டு வாக்கில், சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி விளக்கம் எழுதுவது மட்டுமே வேலை என்று அறிஞர்கள் முடிவெடுத்துவிட்டார்கள் என்பது கதை. மேற்கத்திய ஆய்வாளர்களில் ஜோசப் ஷாக்ட் இதை 1964-ல் வந்த தன் நூலில் அழுத்திச் சொன்னார், பாடப்புத்தகம்போல் பரவியது. 1984-ல் வாயில் ஹல்லாக் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். மூடப்பட்டதா என்ற கேள்விதான் தலைப்பே. கொள்கையளவிலும் மூடப்படவில்லை, நடைமுறையிலும் மூடப்படவில்லை என்பது அவர் முடிவு. அந்த வாக்கியம் புழக்கத்துக்கு வருவதே நான்காம் ஹிஜ்ரி நூற்றாண்டு கடந்துதான், அப்போதும் அதில் எல்லோரும் ஒருமிக்கவில்லை என்று காட்டினார். அவர் வாதத்தைச் சிலர் திருத்தியிருக்கிறார்கள், மத்ஹபைத் தாண்டிப் புதிய மத்ஹப் உண்டாக்கும் பெரிய இஜ்திஹாத் அருகிப்போனது உண்மைதான் என்கிறார்கள். அது சரியாகத்தான் படுகிறது.

ஆனால் கதவு மூடியது என்று ஒரு நாள், ஒரு ஊர், ஒரு கையெழுத்து காட்ட முடியாது. மூடிய கதவின் முன்னால் ஆட்கள் நடமாடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். டமாஸ்கஸில் இப்னு தைமிய்யா ஒரே மூச்சில் சொன்ன மூன்று தலாக்கை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்றார், நான்கு மத்ஹபுகளின் பொதுக் கருத்துக்கும் எதிராக. தலாக் பற்றிய ஃபத்வாக்களுக்காக ஒருமுறை சிறைக்குப் போனார். பின்னால் வேறொரு விவகாரத்தில் மறுபடி சிறைப்பட்டு 1328-ல் அங்கேயே இறந்தார். கெய்ரோவில் சுயூத்தி (மறைவு 1505) நான் முஜ்தஹித் என்று தானே அறிவித்து ஊரின் வாயில் விழுந்தார். அவர் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு காலத்திலும் ஒரு முஜ்தஹித் இருப்பது ஃபர்ளு கிஃபாயா என்று ஒரு தனி நூலே எழுதினார். இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை மாதிரி, யாராவது சிலர் செய்தாக வேண்டும், ஒருவருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. ஷியா பக்கம் நிலைமையே வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில், ஆய்ந்து முடிவெடுக்கலாம் என்ற உசூலிகள், அறிவிப்புகளே போதும் என்ற அக்பாரிகளை வென்ற பிறகு, உயிரோடிருக்கும் முஜ்தஹிதைப் பின்பற்றுவது அங்கே பொதுமக்களின் கடமை ஆகிவிட்டது.

இந்தியாவில் கதவைச் சாத்தியவர்கள் யார் என்று கேட்டால் நான் ஆலிம்களுக்கு (மார்க்க அறிஞர்களுக்கு) முன்னால் ஆங்கிலேய நீதிமன்றத்தைக் காட்டுவேன். ஹனஃபி நூலான ஹிதாயாவை சார்லஸ் ஹாமில்டன் 1791-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பார்ஸி வழியாக வந்த பெயர்ப்பு. ஆசிரியரும் மாணவரும் உட்கார்ந்து வாதாடிப் படித்த ஒரு நூல், நீதிபதி பக்கம் புரட்டி விதி எடுக்கும் சட்டப் புத்தகமாக மாறியது. 1897-ல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு விதவையின் ஜீவனாம்ச வழக்கில், பழமையும் மதிப்பும் மிக்க உரையாசிரியர்கள் சொன்னதற்கு மாறாக நீதிமன்றம் குர்ஆனுக்குத் தானாகப் பொருள் கொள்வது தவறு என்று சொல்லிவிட்டது. தங்களுக்கு அரபு தெரியாது என்ற அடக்கமாகக்கூட அதைப் படிக்கலாம். ஆனால் விளைவு என்ன? உரையாசிரியர் காலத்துக்கேற்ப மாற்றிச் சொல்லக்கூடியவர், நீதிபதி மாற்ற முடியாதவர். ஃபத்வா கொடுக்கும் முஃப்தியின் கையிலிருந்து நீதிபதியின் கைக்குச் சட்டம் போனபோது அசைவும் நின்றது.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் பஞ்சாபின் பெண்கள். ஹனஃபி முறைப்படி கணவன் தொலைந்தாலும் சரி, சோறு போடாவிட்டாலும் சரி, அடித்தாலும் சரி, அவன் தலாக் சொல்லாமல் அவளுக்கு வழி கிடையாது, மிகச் சில காரணங்களைத் தவிர. ஆனால் அதே முறையில் ஒரு சந்து இருந்தது: மார்க்கத்தைவிட்டு வெளியேறினால் திருமணம் முறிந்துவிடும். பெண்கள் அந்தச் சந்தைக் கண்டுபிடித்தார்கள். நம்பிக்கை போய் அல்ல, அந்த ஆளிடமிருந்து தப்பிக்க, மதம் மாறிவிட்டேன் என்று நீதிமன்றத்தில் போய் நின்றார்கள். இக்பால் இதைக் கண்டு கொதித்தார். 1929 ஜனவரியில் சென்னைக்கு வந்து அவர் உரையாற்றத் தொடங்கிய வரிசை 1930-ல் நூலானபோது அதில் இஜ்திஹாத் பற்றி ஒரு உரையும் இருந்தது. மார்க்கத்தைக் காப்பதற்கென்று வகுத்த சட்டமே ஒரு பெண்ணை மார்க்கத்தைவிட்டு விரட்டினால் அந்தச் சட்டத்தைப் புரிந்துகொண்ட விதத்தில் கோளாறு என்பதுதான் அங்கே அவர் வாதத்தின் சாரம். இக்பால் கவிஞர், பாரிஸ்டர். ஆலிம்கள் அவரைக் கேட்டு ஃபத்வா மாற்றப் போவதில்லை.

மாற்றியவர், எதிர்பார்க்க முடியாத ஒருவர். வட இந்தியாவின் தேவ்பந்த் மதரஸா மரபின் மூத்த ஆலிம், தக்லீதை விடக்கூடாது என்பதில் உறுதியானவர், அஷ்ரஃப் அலீ தானவி. 1930-களின் தொடக்கத்தில் அவர் உதவியாளர்களோடு சேர்ந்து, கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்காகவே ஒரு நூல் தொகுத்தார். ஹனஃபி மத்ஹபில் இருந்துகொண்டே, கடும் நெருக்கடி இருந்தால் வேறு மத்ஹபின் கருத்தை எடுத்து ஃபத்வா கொடுக்கலாம் என்று ஹனஃபி நூல்களே சொல்லும் இடத்தை எடுத்தார். மக்கா, மதீனா அடங்கிய ஹிஜாஸில் இருந்த, மாலிக்கின் வழிவந்த மாலிக்கி அறிஞர்களுக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் மத்ஹபில் இது எப்படி, நிபந்தனை என்ன என்று பதில்கள் வாங்கினார். அப்படித்தான் உமரின் நான்கு வருடம், மதீனா வழியாக, மாலிக்கி நூல்களின் வழியாக, ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து ஹனஃபி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. முஸ்லிம் நீதிபதி இல்லாத ஊரில் ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய ஒரு குழு அந்த இடத்தில் அமரலாம் என்பதையும் மாலிக்கிகளிடமே எடுத்தார். கூடவே, மனைவி மதம் மாறினால் திருமணம் தானாக முறியாது என்று பல்க், சமர்கந்து பகுதி ஹனஃபிகள் பழைய காலத்திலேயே சொன்னதைத் தோண்டி எடுத்து, அந்தச் சந்தை அடைத்தார். அதாவது ஒரு கையால் வாசலைத் திறந்து, மறு கையால் ஜன்னலைச் சாத்தினார். இதற்கு அவர் இஜ்திஹாத் என்று பெயர் வைக்கவில்லை. வேறு யாராவது வைத்திருந்தால் அவரே முதலில் எதிர்த்திருப்பார் என்று நினைக்கிறேன்! ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது, எந்தத் துன்பம் நெருக்கடி என்ற அளவுக்கு வரும் என்று எடைபோட்டது முழுக்க முழுக்க அந்த வேலைதான். துருக்கியில் உஸ்மானிய அரசு 1917-ல் குடும்பச் சட்டம் எழுதியபோது இதே மாதிரிதான் மத்ஹபுகளுக்கிடையே கடன் வாங்கியது.

மத்திய சட்டசபையில் காஜி முஹம்மத் அஹ்மத் காஸ்மி 1936-ல் கொண்டுவந்த மசோதா, 1939-ல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் ஆனது. அதன் நோக்க உரையிலேயே, ஹனஃபி சட்டத்தால் கஷ்டம் வரும் இடத்தில் மாலிக்கி, ஷாஃபி, ஹன்பலி சட்டத்தை எடுக்கலாம் என்று ஹனஃபி அறிஞர்களே சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதினார்கள். நான்கு வருடம் தகவல் இல்லை, இரண்டு வருடம் பராமரிக்கவில்லை, ஏழு வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை, கொடுமை என்று காரணங்கள் வரிசையாக வந்தன. மதம் மாறுவதால் மட்டும் திருமணம் முறியாது என்றும் வந்தது. வழக்கை முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்று ஆலிம்கள் கேட்ட பிரிவு மட்டும் நிறைவேறுவதற்குள் காணாமல் போய்விட்டது, அதனால் தாங்கள் கேட்டது பாதிதான் கிடைத்தது என்ற மனக்குறை அவர்களுக்கு.

இதில் நம் கடற்கரைக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தச் சட்டம் ஹனஃபிப் பெண்ணுக்கு மட்டுமானதல்ல, இந்தியாவில் முஸ்லிம் முறைப்படி மணந்த எல்லாப் பெண்ணுக்கும். கீழக்கரையில் ஒரு ஷாஃபி வீட்டுப் பெண் இன்று இந்தச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் போனால் அவளுக்குக் கிடைப்பது நான்கு வருடம், அதாவது ஷாஃபி எகிப்துக்குப் போனபோது கைவிட்ட அந்தப் பழைய பக்தாத் கருத்து. கடலைத் தாண்டி இலங்கையில் 1951 சட்டம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. மனைவி கேட்டு நீதிபதி திருமணத்தை முறிக்கும் ஃபஸஹ் விவாகரத்தில் கணவன் செய்தது குற்றமா என்பதை அந்தத் தம்பதி சார்ந்த பிரிவின் சட்டத்தைக் கொண்டே காதி பார்க்க வேண்டும். அங்கே மத்ஹப் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இப்போதெல்லாம் தனி மனிதர் இஜ்திஹாத் செய்தேன் என்று எழுந்து நிற்பதைவிடக் கூட்டமாக உட்கார்ந்து பேசுவதே வழக்கம். இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) அகாடமி 1986-ல் அம்மானில் கூடி, மூளையின் செயல்பாடு மீளமுடியாமல் நின்றுவிட்டதென்று மருத்துவர்கள் உறுதிசெய்தால் அதையும் மரணமாகக் கொள்ளலாம் என்றது. ஃபகீஹ்கள், அதாவது சட்ட அறிஞர்கள், மட்டுமில்லாமல் மருத்துவர்களையும் அழைத்து வைத்துக் கேட்டு எடுத்த முடிவு. இந்தியாவிலும் 1989-ல் காஜி முஜாஹிதுல் இஸ்லாம் காஸ்மி இதே மாதிரி ஒரு அகாடமி தொடங்கினார். தமிழ்நாட்டில் 1980-களிலிருந்து மத்ஹபே வேண்டாம், நேராகக் குர்ஆன் ஹதீஸ் என்று ஒரு பெரிய அலை வந்தது; பல நல்ல கேள்விகளை எழுப்பியது, ஊர்களில் ஹதீஸ் தமிழாக்கங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் இமாம் ஷாஃபியைப் பின்பற்ற மாட்டேன் என்று கிளம்பிய பலர், மேடையில் பேசியவர் சொன்னதை அப்படியே ஒப்பிப்பதையும் பார்த்துவிட்டோம். தக்லீத் போகவில்லை, ஆள்தான் மாறினார்.

காணாமல் போன கணவன் கேள்வியும் முடிந்துவிடவில்லை. மக்காவில் முஸ்லிம் உலக லீக்கின் ஃபிக்ஹு கவுன்சில் 2012-ல் இதை மறுபடி எடுத்தது. காத்திருக்கும் காலத்தை நீதிபதி தீர்மானிக்கட்டும், ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது, நான்கு வருடத்துக்கு மேல் போகக் கூடாது, தேடுவதற்கு இன்றைய தொடர்பு வசதிகளைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று முடிவு. உமர் காலத்தில் ஷாமுக்கு (சிரியாப் பகுதிக்கு) ஒரு ஒட்டகக் குழு போய்ச் சேதி கொண்டுவர மாதங்கள் ஆகும். இன்று ஒருவனின் சிம் கார்டு கடைசியாக எங்கே உயிரோடு இருந்தது என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறார்கள். எண் மாறலாம் என்பதற்கு அவர்களிடம் இருந்த காரணம் இதுதான். இந்தியச் சட்டத்தில் இன்னும் நான்கு வருடம்தான். தீர்ப்பு வந்த பிறகும் ஆறு மாதம் அது செயலுக்கு வராது. அதற்குள் அவன் வந்து நின்று, சேர்ந்து வாழத் தயார் என்று நீதிமன்றத்துக்கு நம்பிக்கை ஏற்படுத்திவிட்டால் தீர்ப்பே ரத்து.